ஐந்து நிமிட அதிகாரம்

ஒரு ஆஸ்பத்திரியை மூட வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஆசை வந்தால் கேட்டைப் பூட்டலாம். ஆனால் பூட்டினால் தொல்லை. போலீஸ் நிற்க வேண்டும், பத்திரிகைக்காரன் கேமராவோடு வருவான், எதிர்க்கட்சிக்காரன் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வான். அதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைக் கொஞ்சம் தாமதமாக விடுவது. சத்தமே வராது. ஜனம் தானாகவே வருவதை நிறுத்திவிடும். அப்புறம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வருத்தமான முகத்தோடு, "என்ன செய்வது, யாருமே வருவதில்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த யோசனை எந்த மாடியில், எந்த மகானுபாவனின் மூளையில் உதித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அதை இம்மி பிசகாமல் செய்து கொடுத்த கை யாருடையது என்று தெரியும். டைமிங் அக்காவின் கை.

நகரப் போக்குவரத்துப் பணிமனையில், டயர் கிடங்குக்கு மேலே இருக்கும் அறைதான் கால அட்டவணைப் பிரிவு. படி ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறிவிடும். அங்கே இருபது வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தவரை, அவரைவிட வயதான டிரைவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும், எந்தச் சிக்னலில் போலீஸ்காரர் டீ குடிக்கப் போவார், எந்த நிறுத்தத்தில் டிரைவர் அவசரத்துக்கு ஒதுங்க இடம் உண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் போட்ட டைமில் ஓடுகிற எந்த டிரைவரும் அவரைத் திட்டியதில்லை. அந்தப் பணிமனையில் அதற்குமேல் பெரிய விருது கிடையாது.

வீட்டிலும் அதே புத்திதான். கருவூலத்தில் கிளார்க்காக இருக்கும் கணவர் காபி கேட்டால், "இப்ப குக்கர் இறங்கணும், அது இறங்கினா பால் ஏறும், பால் பொங்கினா உங்களுக்கு வரும்" என்று இணைப்பு பஸ் சொல்வதுபோல் சொல்வார். மனிதரும் நிறுத்தத்தில் நிற்கும் பயணிபோல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டைமிங் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புது டைம் போட்டால் அதை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அக்காவே பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில், மடியில் அட்டையும் கையில் கடிகாரமுமாக உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவார். அங்கே ஜனம் இறங்கும். அவர் இறங்க மாட்டார். பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு, அதே பஸ்ஸில் அப்படியே திரும்பிவிடுவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் இறங்கியதில்லை, அதற்கு முன்னால் இருந்தவரும் இறங்கியதில்லை. பஸ் நேரத்துக்கு வந்ததா, வந்தது; நேரத்துக்குத் திரும்பியதா, திரும்பியது. இறங்கின ஜனம் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பது வேறு யாரோ பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. பெரிய பெரிய மரங்கள், நல்ல காற்று. ஏழை ஜனம் சும்மா அனுபவித்துக்கொண்டிருக்கும் காற்று. அந்த வழிக்கு இருப்பது ஒரே ஒரு தடம். ஒருநாள் மேலிடத்திலிருந்து "தடச் சீரமைப்பு" என்று ஒரு உத்தரவு வந்தது. டீசல் வீணாகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை பஸ்ஸை, அதே வண்டி மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய் வந்த பிறகு விட்டால் சிக்கனமாம்.

அக்காவுக்கு உள்ளூர ஒரே உற்சாகம். நெளிந்து கிடக்கிற தடத்தை நிமிர்த்தச் சொன்னால் யாருக்குத்தான் கை பரபரக்காது? போட்டார். ஓட்டிப் பார்த்தார். கூட்டநேரம் தாண்டிவிட்டதால் சாலை காலியாக இருந்தது; பஸ் வழுக்கிக்கொண்டு போனது. கடைசி நிறுத்தத்தில், வழக்கம்போல், இறங்கவில்லை. திரும்பி வந்து மேலாளரிடம், இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான டைம் தான் போட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னார். மேலாளர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார்.

மேலாளரின் இடுப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அரசாங்கம் ஏதாவது அநியாயம் செய்யப்போகிறது என்றால் அவருக்கு முன்கூட்டியே இடுப்பு வலிக்கும். மாணவர் பாஸை நிறுத்தியபோது வலித்தது. தற்காலிகத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியபோது வலித்தது. மருத்துவ விடுப்பில் போய்விடுவார். எல்லாம் முடிந்த பிறகு தைல வாசனையோடு திரும்பி வருவார். வானிலை அறிக்கை பொய்க்கும், சாரோட இடுப்பு பொய்க்காது என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

சில மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் சாப்பிட வந்தார். கணவரின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஒரு புண்ணுக்கு ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு உள்ளே வந்தவர் நொண்டிக்கொண்டு வந்தார். இடது கால் கட்டுக்குள் ஒரு விரல் குறைந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அண்ணன் பதறிப்போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"என்னத்தைச் சொல்ல? நாள் விட்டு நாள் கட்டு மாத்தணும்னாங்க. இந்த பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள டோக்கன் ஜன்னலைச் சாத்திடறான். நாளைக்கு வா, நாளைக்கு வாங்கறான். நாலு தடவை போனேன், அஞ்சாவது தடவை போகல. புண்ணு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஆட்டோல போயிருக்கலாமே."

"ஆட்டோல போறவ கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு எதுக்குண்ணே போறா?" சோற்றைப் பிசைந்துகொண்டே நாத்தனார் தொடர்ந்தார். "எந்தப் புண்ணியவான் அந்த டைமைப் போட்டானோ, அவன் கால் நல்லா இருக்கட்டும். நல்லா இருந்தாத்தானே ஒவ்வொரு விரலா எடுக்க முடியும்." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்க ஆபீஸ்தானே. யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

"விசாரிக்கிறேன்" என்றார் அக்கா. கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்த டைமைப் போட்ட அன்று சாயங்காலம், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று முதலில் கேட்டுத் தலையாட்டியவர் அவர்தான்.

மறுநாள் அக்கா அந்த பஸ்ஸில் ஏறினார். அதே சீட். கடைசி நிறுத்தம் வந்தது. ஜனம் இறங்கியது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அக்காவும் இறங்கினார். டிரைவர், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் ஜன்னல் சாத்திக் கிடந்தது. அப்போதுதான் சாத்தியிருந்தார்கள், உள்ளே கொண்டி விழுந்த சத்தம் அடங்கவில்லை. கைக்குழந்தையை வைத்திருந்த ஒருத்தி ஜன்னலைத் தட்டினாள். ஒரு பெரியவர், தட்டிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தவர், வந்த பஸ்ஸிலேயே திரும்பப் போக ஓடினார். ஓட முடியாதவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தன் பஸ் எவ்வளவு கச்சிதமாக, ஒருநாள்கூடத் தவறாமல், ஜன்னல் மூடின கையோடு வந்து நிற்கிறது என்பதை அக்கா பார்த்தார். அட்டவணை போடுகிறவருக்கு அதைவிடக் கேவலம் வேறு என்ன வேண்டும்?

கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கையில், அமுக்கினால் எண் ஏறுகிற சின்னக் கருவி. உள்ளே போகிறவர்களை எண்ணுகிறானாம். என்ன கணக்கு என்று அக்கா கேட்டார்.

"நோயாளிங்க எத்தனை பேர் வராங்கன்னு பார்க்கச் சொல்லிருக்காங்க. காலைல கொஞ்ச நேரம் வேலை, அப்புறம் ஈ ஓட்டறதுதான். கூட்டமே இல்லம்மா. மழைக்காலம் முடிஞ்சு இன்னொரு தடவை எண்ணுவோம். அப்பவும் இப்படித்தான் இருந்தா மூடிடுவாங்களாம். இங்க ஏதோ பெரிய ஓட்டல் வரப்போகுதாம், ஏரியைப் பார்த்த மாதிரி ரூம்பெல்லாம்."

"யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. உங்களுக்குத் தெரியாதா?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரருக்குத் தெரியும், காவலாளிக்குத் தெரியும், எண்ணுகிறவனுக்குத் தெரியும். தெரியாதவர் ஒரே ஆள், அந்த வேலையைச் செய்து கொடுத்தவர். அரசாங்கத்தின் சாமர்த்தியமே இதுதான். கத்தியைத் தனியாக ஒருவரிடம் கொடுத்துத் தீட்டச் சொல்லும், பிடியை இன்னொருவரிடம் கொடுத்து மாட்டச் சொல்லும். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அக்கா நேராக மேலாளரிடம் போனார். பழைய டைமுக்கே மாற்ற வேண்டும் என்றார். மேலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உத்தரவு மேலேயிருந்து வந்தது என்றார்.

"மேலேன்னா எவ்வளவு மேலே சார்?"

"அதைக் கேட்கக் கூடாதும்மா. எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா விளக்கம் கேட்டு எழுதலாம். பதில் வரதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகிடுவேன்."

மேலாளரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் கட்டடத்தில் மனசாட்சி இல்லாதவர்கள் குறைவு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வித்தை. ஒருவர், தான் வெறும் தபால்காரர், வந்ததைக் கீழே தள்ளுகிறேன் என்பார். ஒருவர் "தங்கள் உத்தரவுப்படி" என்று வரிக்கு வரி எழுதி, பாவத்தை எழுதினவனிடமே திருப்பி அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஒருவர் கேன்டீனில் சிங்கம். படியேறினால் வாலைச் சுருட்டிக்கொள்வார். இன்னொருவர் பணி ஓய்வுப் பாராட்டு விழாவில், மாலை கழுத்தில் இருக்கும்போது, எல்லா அநியாயத்தையும் புட்டுப் புட்டு வைப்பார். சம்பளம் அரசாங்கம் கொடுப்பதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் ஜன்னலில் நிற்பவள் உப்புக்கும் சோப்புக்கும் கொடுக்கிற வரியிலிருந்து அது வருகிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அக்கா தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, தனக்கென்று என்ன அதிகாரம் இருக்கிறது என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை, ஏனென்றால் இருந்தது ஒன்றே ஒன்று. ஓட்ட வசதிக்காக எந்த நடையையும் வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. யாரிடமும் கேட்க வேண்டாம். சாலையில் குழி தோண்டினால், ரயில்வே கேட் பழுதானால் பயன்படட்டும் என்று எந்தக் காலத்திலோ கொடுத்து வைத்தது. மேலேயிருந்து கீழே வரை அத்தனை பேரும் அதை மறந்திருந்தார்கள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரி பஸ் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியது. அடுத்த வாரம் இன்னும் ஐந்து. அதற்கு முன்னால் போகும் மார்க்கெட் நடையும் கூடவே நகர்ந்தது. எந்த மாடியிலும் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டுமானால் அவர்கள் பஸ்ஸில் போக வேண்டும்.

டிரைவர்கள் கவனித்தார்கள். "அக்கா, இந்த வண்டி என்ன வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது?" என்று ஒருவர் கேட்டார். அக்கா, ரோட்டில் குழி என்றார். எந்த ரோட்டில் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததோடு, மார்க்கெட் நடையை விறுவிறுப்பாக முடித்துக் கொடுத்தார். கண்டக்டர் ஒவ்வொரு டிக்கெட்டோடும், அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் வந்துடுங்க என்று சேர்த்துச் சொன்னார்.

ஆனால் வருவதை நிறுத்திவிட்டவர்களுக்கு யார் சொல்வது? அக்கா நாத்தனார் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, துணி மூட்டைக்கு நடுவில் மெஷின். நாத்தனார் ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டியே, விசாரிச்சுட்டேன்" என்றார் அக்கா. "அந்த டைமைப் போட்டது நான்தான்."

மெஷின் நிற்கவில்லை. ஒரு ஜாக்கெட்டின் கை முழுவதும் ஓடி முடிந்தது. நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தார்.

"தெரிஞ்சா போட்டீங்க?"

"தெரியாம. ஆனா தெரிஞ்சுக்கணும்னு தோணவே இல்ல."

"கால் எப்படி இருக்கு, உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கட்டும். அலையறதுக்கு வேணும்ல." ஜாக்கெட்டை உதறினார். "திட்டினது திட்டினதுதான். திரும்ப வாங்கிக்க மாட்டேன். இப்ப பஸ்ஸு எப்ப போகுதுன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை. தையல்காரியிடம் துணி கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், இடுப்பு பிடிக்கவில்லை என்று சண்டை போட வருகிறவர்கள், எல்லாருக்கும் அளவு எடுக்கும்போதே பஸ் நேரமும் சொல்லி அனுப்பப்பட்டது. மழை முடிவதற்குள் பஸ் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. ஜன்னல் சாத்துவதற்கு வெகுநேரம் முன்னால் போய் நின்றது.

இரண்டாவது தடவை எண்ணினார்கள். நாற்காலிக்காரனுக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. கூடவே மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, வேண்டுமென்றே ஆள் சேர்த்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, வரிசையில் நின்ற ஒருத்தியிடம், யார் அனுப்பினார்கள் என்று கேட்டாராம். அவள், மூல வியாதி அனுப்பியது என்றாளாம்.

ஒரு வாரத்தில் அக்காவுக்கு அழைப்பு வந்தது. மாடிக்கு. குளிர்சாதன அறை, மூடின கண்ணாடி, மேஜைமேல் ஒரு தூசி இல்லை. இணைச் செயலாளர் இளைஞர், மரியாதையானவர், உட்காரச் சொன்னார். அன்று மேலாளர் விடுப்பில் இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

உத்தரவை மீறியிருக்கிறீர்கள் என்றார் அவர். மீறவில்லை, தனக்கிருக்கும் ஐந்து நிமிடத்துக்குமேல் ஒருநாளும் போகவில்லை என்றார் அக்கா. அவர் சட்ட விதியை வரவழைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் மரியாதை கொஞ்சம் கழன்றது.

"பஸ் டைம் போடறதுதான் உங்க வேலை. ஆஸ்பத்திரியைப் பத்தி யோசிக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அதனாலதான் முதல் தடவை தப்பாப் போட்டுட்டேன்."

"அரசாங்கத்தோட கொள்கை முடிவுல நீங்க தலையிடறீங்க."

"அப்ப அரசாங்கமே போடட்டும் சார். ஆஸ்பத்திரிக்கு பஸ் கிடையாதுன்னு எழுதி, அமைச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். நான் ஸ்டாண்டுல ஒட்டிடறேன். டீசல் மேல பழி போட்டு, அந்த வேலையை எங்கிட்ட வாங்கிக்காதீங்க."

இணைச் செயலாளர் விதிப் புத்தகத்தை மூடினார். அப்படி ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட எந்த மாடியிலும் ஆள் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் பேர் காலை வெட்டத் துணிகிறவனுக்கு ஒரு தாளில் பேர் எழுத மட்டும் பேனா ஓடுவதில்லை. அக்காவுக்கு அப்போது வந்த கோபத்தில், மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் போட வேண்டும்போல் இருந்தது. தூக்கினார். தண்ணீரைக் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

மூடும் முடிவு "தற்சமயம் கைவிடப்பட்டது". அக்கா, பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாக்கும் அறைக்கு மாற்றப்பட்டார். ஒற்றைச் செருப்புகள், குடைகள், யாரும் தேடி வராத ஒரு பல்செட். வாரத்துக்கு ஐந்து நிமிட அதிகாரமும் ரத்து. இனி எந்தப் பிரிவிலும் யாருக்கும் கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. பாராட்டு விழா எதுவும் நடக்கவில்லை. விடுப்பிலிருந்து திரும்பிய மேலாளர் மட்டும் குடை தேடுகிற சாக்கில் அந்த அறைக்கு வந்து, தன்னுடையது அல்லாத ஒரு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் கணவர் நிழலுக்குக்கூட வணக்கம் சொல்லும் மனிதர். கருவூலத்தில் கண்ணில் பட்டதை வீட்டில் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருந்தால், அதற்குமேல் நாலு விதியைத் தானே போட்டுக்கொள்கிறவர். ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டே, போர்வையைப் பார்த்துப் பேசுவதுபோல் பேசினார்.

"ஏரிக்கரை ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு இருக்குல்ல. அதுக்கு ஏதோ 'இருப்புச் சீரமைப்பு'ன்னு ஒரு பேப்பர் எங்க மேஜையைத் தாண்டிப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க ஒண்ணும் சொல்லல" என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

"உன் கால்ல செருப்புப் போட்டுக்கிட்டு நீயா எங்கயாவது போனா நான் என்ன பண்ண முடியும்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது, அவ்வளவு கூட்டம். மருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்பக்கம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கிடங்குக் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். சுத்தமான மனிதர், ஒவ்வொரு பெட்டியும் கோடு பிடித்ததுபோல் அடுக்கியிருந்தது. அக்கா தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டார். உங்களுக்கு மேலேயிருந்து ஒரு பேப்பர் வரும், படிக்க நன்றாகத்தான் இருக்கும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதற்கென்று கேளுங்கள் என்றார்.

"சீரமைப்புதானே? அது போன வாரமே வந்துருச்சும்மா" என்றார் அவர். முகத்தில் பெருமை. "சீக்கிரம் காலாவதி ஆகிற மருந்தை இனிமே கம்மியா வாங்கச் சொல்லிருக்காங்க. வீணாகாதுல்ல? ஒரே நாள்ல போட்டுக் கொடுத்துட்டேன். இன்சுலின், ஊசி மருந்து எல்லாம் பாதியாயிடும். இவ்வளவு அழகா யாரும் போட்டதில்லன்னு மேல பாராட்டினாங்க."

அக்கா ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல இங்க மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கம் வந்து என்கூட நில்லுங்க" என்றார். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. யாரையும் கேட்காம நீங்களா செய்யக்கூடியது, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, உங்க கையில என்ன இருக்கு?"